ஏற்காடு போறவங்க கவனத்துக்கு: "கசந்தாதான் அசல்"னு சொல்லி விக்கிற டீத்தூள்

வீட்டுல சுகர் மாத்திரை போடுற பெரியவங்க இருந்தா இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. கடை பேர் போடல, போட்டுட்டு அப்புறம் யாரு அலையறது. ஏற்காட்டுல இருந்து இறங்குற வழியில மிளகு, காபித்தூள், தைலம்னு விக்கிற கடைகள்ல ஒண்ணு, அவ்ளோதான். எல்லாரும் அப்படின்னு சொல்லல, நாங்களே வருஷக்கணக்கா அந்தப் பக்கம்தான் மிளகு வாங்குறோம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவை கூட்டிட்டு மேல போயிருந்தோம். சேர்வராயன் கோயில் போயிட்டு, ஏரிக்கிட்ட மொளகா பஜ்ஜி சாப்ட்டுட்டு இறங்குறோம், அந்த இருபது கொண்டை ஊசி வளைவுல அம்மாவுக்கு எப்பவும் தலை சுத்தும், அதனால ஒரு இடத்துல வண்டிய ஓரங்கட்டுனேன். என் கெட்ட நேரம், நேர் எதிர்ல அந்தக் கடை. "சிறியாநங்கை டீ, சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு"ன்னு ஆளுயரத்துக்கு பிளக்ஸ்.

கடைக்காரர் கேக்காமயே பேப்பர் கப்புல சூடா ஊத்தி நீட்டுனார். அப்பா ஒரு வாய் வச்சதும் மூஞ்சி அப்படியே சுருங்கிருச்சு. "கசக்குதுங்களா ஐயா?" "ஆமா தம்பி, குடல் வரைக்கும் கசக்குது." "கசந்தாதான் அசலுங்க. உங்க ரத்தத்துல இருக்குற இனிப்பை இந்த கசப்புதான் முறிக்கும்." அப்பா தலையாட்டிட்டார். நானும்தான், உண்மைய சொல்லணும்ல. அந்த நிமிஷத்துக்கு கேக்க அவ்ளோ நியாயமா இருந்துச்சு. வேப்பிலையும் கசக்கும், பாகக்காயும் கசக்கும், எட்டிக்காயும்தான் கசக்கும், அது ஆளையே கொன்னுரும். இதெல்லாம் வீட்டுக்கு வந்து அடிபட்டதுக்கு அப்புறம்தான தோணுது.

200 கிராம் பாட்டில் 650 ரூபா. காலையில வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன், ராத்திரி ரெண்டு ஸ்பூன், மாத்திரையை இன்னையோட நிறுத்திருங்கன்னு சொன்னார். மலை உச்சியில மட்டும்தான் இந்த செடி வளரும்னு வேற சொன்னார், அங்கயாவது எனக்கு உறைச்சிருக்கணும். ஆத்தூர் பக்கம் எங்க அப்பாயி வீட்டு கொல்லையிலேயே சிறியாநங்கை கிடக்கும், பாம்பு அண்டாதுன்னு வச்சிருந்தாங்க. யாரையாவது பாம்பு கடிச்சா அந்த இலைய மெல்லச் சொல்லி, கசந்தா விஷம் ஏறல, கசக்கலைன்னா ஏறிருச்சுன்னு பாப்பாங்களாம், அப்பாயி கதை சொல்லும். (இப்ப யாரும் இலைய மென்னுக்கிட்டு உக்காந்துறாதீங்க, கடிச்சா நேரா ஆஸ்பத்திரி.) நம்ம பக்கம் நிலவேம்பைத்தான் சிறியாநங்கைன்னும் சொல்றது. 2017-ல டெங்கு சமயத்துல கவர்மெண்ட்டே வரிசையில நிக்க வச்சு ஊத்துன நிலவேம்புக் குடிநீர்ல அது மட்டும் இல்ல, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம்னு சேர்ந்து மொத்தம் 9 சரக்கு. அது காய்ச்சலுக்கு, நாலஞ்சு நாளைக்கு குடிக்கிற கஷாயம். வருஷம் பூரா காபி மாதிரி குடிக்கிற சமாச்சாரம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மாத்திரையை நிறுத்திட்டேன்னு அறிவிச்சுட்டார். அம்மாவுக்கு பயம். "ஏங்க, ரெண்டும் சேந்தா இன்னும் நல்லதுதானே"ன்னு காலையில இட்லி தட்டோட மாத்திரையையும் நீட்டிருவாங்க, அவரும் பேசாம முழுங்கிருவார். சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடுன்னு ரெண்டு மாத்திரை போடுறவர். நாலு நாள் போச்சு. வாய் பூரா கசப்பு, எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்குன்னு அஞ்சாவது நாள் ராத்திரி அரை தோசையோட எந்திரிச்சுட்டார், ஆனா டீய மட்டும் விடாம குடிச்சுட்டு படுத்தார்.

ராத்திரி மூணு மணி இருக்கும், அம்மா கத்துற சத்தம். ஓடிப்போய் பாத்தா பனியனை பிழிஞ்சா தண்ணி சொட்டும், அவ்ளோ வேர்வை, கை கிடுகிடுன்னு ஆடுது. என்னைப் பாத்து "பட்டறைய பூட்டியாச்சா, வெள்ளி எடை போட்டு வாங்குனியா"ங்குறார். அவர் கொலுசு பட்டறைய விட்டு எட்டு வருஷம் ஆச்சு. எனக்கு கால் கீழ நிக்கல. சுகர் மிஷின்ல விரலைக் குத்திப் பாத்தா 46. எழுபதுக்கு கீழ போனாலே கம்மி. நல்ல வேளை முழுங்குற அளவுக்கு நினைவு இருந்துச்சு, மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கலக்கி குடுத்தோம், கால் மணி நேரத்துல 71. அப்படியே வண்டியில போட்டு ஆஸ்பத்திரி.

அங்க டாக்டர் "வேற ஏதாவது மருந்து சாப்புட்டாரா?"ன்னு கேக்குறார், அம்மா "ஒண்ணுமில்லைங்க டாக்டர்"ங்குறாங்க. பொய் இல்ல, அவங்க மனசுல அது டீ. நான் குறுக்க விழுந்து சொன்னேன். காலையில ஆறு மணிக்கு திரும்ப 58-க்கு இறங்கிருச்சு. கிளிமிபிரைடு உடம்புல ரொம்ப நேரம் நிக்கும், ஒரு தடவை ஏத்திட்டோம்னு வீட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு சாயங்காலம் வரைக்கும் குளுக்கோஸ் ஏத்தி வச்சிருந்தாங்க. எதனால இறங்குச்சுன்னு கேட்டதுக்கு, வெறும் வயித்துல மாத்திரை வேலை செஞ்சிருக்கலாம், நிலவேம்புக்கே சுகரை இறக்குற குணம் உண்டு அதுவும் சேந்திருக்கலாம், இந்த மாதிரி பொடிகள்ல சில பேர் சுகர் மாத்திரையவே அரைச்சு கலக்குறதும் உண்டு, லேப்ல பாக்காம எதுன்னு சொல்ல முடியாதுன்னார்.

அடுத்த ஞாயிறு பாட்டிலோட மேல ஏறுனேன். கடைக்காரர் சொன்ன பதில் இன்னும் காதுலயே இருக்கு: "நான்தான் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்ல அண்ணா, நீங்க நிறுத்தல, அப்ப தப்பு யாரு மேல?" நிறுத்தியிருந்தா சுகர் 400-க்கு போய் வேற விதமா படுத்திருப்பார், அப்ப "இன்னும் ரெண்டு பாட்டில் குடிக்கணும்"னு சொல்லியிருப்பார் போல. காசும் திரும்பி வரல, மன்னிப்பும் வரல.

வீட்டுக்கு வந்து வயித்தெரிச்சல்ல பாட்டிலை ஈரத்துணியால துடைச்சா, லேபிள் ஓரம் மெதுவா எந்திரிச்சு வருது, உரிச்சா உள்ள இன்னொரு லேபிள். கொய்யா இலைப் பொடி, பேக் பண்ண தேதி ஒன்றரை வருஷத்துக்கு முந்தி! உள்ள இருக்குறது கொய்யா இலையா, நிலவேம்பா, ரெண்டுமா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வெளி லேபிள்ல 14 இலக்க உணவு லைசென்ஸ் நம்பர் மட்டும் இருந்துச்சு. அது சாப்பாட்டுப் பொருளுக்கு குடுக்குறது, அதை வச்சு நோய் தீரும்னு விக்க முடியாது. சித்த மருந்துன்னா தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், செஞ்சவங்க அட்ரஸ் எல்லாம் இருக்கணும். சுகரை குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதுக்கே 1954-ம் வருஷச் சட்டப்படி தடை இருக்கு.

மூலிகையே மோசடின்னு நான் சொல்லல. மனசு கேக்காம ஒரு சித்தா டாக்டரையும் போய் பாத்தேன், அவர் தலையில அடிச்சுக்கிட்டார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க கேக்காம நிலவேம்பை தொடவே கூடாது, மாசமா இருக்குறவங்க குடிக்கக் கூடாது, சில பேருக்கு அலர்ஜியும் வரும்னார். "வியாதி என்ன, வேற என்ன மாத்திரைன்னு ஒரு வார்த்தை கேக்காம குடுக்குறவன் வைத்தியன் இல்லப்பா"ன்னார். யோசிச்சுப் பாத்தா அந்தக் கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, கசக்குதுங்களா.

நுகர்வோர் உதவி எண் 1915-ல சொல்லி பதிஞ்சிருக்கேன். பில் கேட்டு வாங்காதது என் முட்டாள்தனம், ஜிபே பண்ண ஸ்கிரீன்ஷாட் இருக்கு, ஆனா அதுல கடை பேர் இல்ல, யாரோ தனி ஆள் பேர்தான் வருது. பாட்டில்ல முக்காவாசி அப்படியே மிச்சம் இருக்கு, அம்மா குப்பையில போடப் போனதை புடுங்கி பீரோ மேல வச்சிருக்கேன். பச்சை மூடி, வெள்ளை பாட்டில். உங்க வீட்டுலயும் அதே மாதிரி இருந்தா லேபிளை கொஞ்சம் நனைச்சு உரிச்சுப் பாருங்க, உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் சொல்லுங்க, சேத்து புகார் குடுக்கலாம்.