மைல் இருக்கிறது, மலையில் கட்டில்தான் இல்லை: கிரிஸ்ஃபிளையர் மைல்களில் ஒரு ரூட்பர்ன் பயணம்

மளிகை, உணவகம், மகளின் துணைப்பாட வகுப்பு என்று வீட்டுச் செலவில் முக்கால் பங்கை நான்கு ஆண்டுகளாக ஒரே கடன்பற்று அட்டையில் போட்டுச் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு, சென்ற மார்ச் மாதம் நானும் என் மனைவியும் நியூசிலாந்தின் தென் தீவில் உள்ள ரூட்பர்ன் மலைப்பாதையை நடந்து முடித்து வந்தோம். அந்தப் பயணத்துக்கு, சேர்த்த மைல்களைக் கொடுத்து விமானச் சீட்டு எடுக்க உதவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டம் எந்த அளவுக்குக் கைகொடுத்தது, எங்கே அதனால் ஒன்றும் செய்ய இயலாமல் போனது என்பதை, இதே எண்ணத்தில் இருக்கும் சிங்கப்பூர்வாசிகளுக்காக எழுதுகிறேன். பாலித் தீவுக்கோ பேங்காக்குக்கோ மைல்களில் போய்வருவது வேறு. மலைக்குப் போவது வேறு. முதல்வகைப் பயணத்தில் விமான இருக்கைதான் அரிய பொருள். இரண்டாம் வகையிலோ மலைக்குடிலில் கிடைக்கும் ஒரு கட்டில்தான் அரிய பொருள். அதை எந்த மைலாலும் வாங்க முடியாது.

திட்டத்தின் அடிப்படை எளிது. வங்கியில் சேரும் புள்ளிகளை மைல்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வங்கிகள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறத்தாழ 27 வெள்ளி கட்டணம் பிடிக்கின்றன. ஒருமுறை மாற்றிவிட்டால் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர வழியில்லை. மாற்றிய நாளிலிருந்து மூன்றாண்டுகளில் அந்த மைல்கள் காலாவதியாகிவிடும் என்பதால், பயணம் உறுதியாகும்வரை புள்ளிகளை வங்கியிலேயே விட்டுவைப்பது நல்லது என்றுதான் அனுபவசாலிகள் சொல்வார்கள். அந்த அறிவுரையை நானும் சிரமேற்கொண்டேன். அதனால் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

விமான நிறுவனம் தன் சொந்த விமானங்களுக்கான இருக்கைகளைப் பயண நாளுக்கு 355 நாட்கள் முன்பே திறந்துவிடுகிறது. சேவர் என்ற குறைந்த விலைப் பிரிவிலும், அட்வாண்டேஜ் என்ற கூடுதல் விலைப் பிரிவிலும் மைல்களைச் செலவிடலாம். சேவர் இருக்கை தீர்ந்துவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்து வைக்கலாம். போகவும் வரவும் தனித்தனி ஒருவழிச் சீட்டுகளாக எடுக்க முடிவது மலைநடைக்காரர்களுக்குப் பெரிய வசதி. ஒரு பக்கம் மைலிலும் மறுபக்கம் காசிலும் எடுப்பதற்குத் தடையில்லை. 2017ஆம் ஆண்டு முதல் இந்நிறுவனம் தன் சொந்த விமானங்களில் மைல் சீட்டுகளுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே விமான நிலைய வரிகளை மட்டும் கட்டினால் போதும்.

இனி குடில்களுக்கு வருகிறேன். நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை பராமரிக்கும் ‘கிரேட் வாக்ஸ்’ என்ற 11 நடைப்பாதைகளுள் ஒன்றான ரூட்பர்ன், மவுண்ட் ஆஸ்பைரிங், ஃபியோர்ட்லாந்து ஆகிய இரு தேசியப் பூங்காக்களை இணைத்துச் செல்லும் 33 கிலோமீட்டர் பாதை. பருவகாலம் அக்டோபர் இறுதி அல்லது நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் இறுதியில் முடிகிறது. அந்தப் பருவத்தில் குடில்களில் தங்க முன்பதிவு கட்டாயம். முன்பு பாதையின் மேற்குக் கோடியில் ஹவுடன் என்ற குடிலும் இருந்தது. 2020 பிப்ரவரியில் பெய்த பெருமழையில் ஏற்பட்ட நிலச்சரிவு அதைக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியிருக்கும் ரூட்பர்ன் ஃபிளாட்ஸ், ரூட்பர்ன் ஃபால்ஸ், லேக் மெக்கென்ஸி ஆகிய மூன்று குடில்களுக்குத்தான் உலகமே போட்டியிடுகிறது.

முன்பதிவு ஆண்டு நடுவில், ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு நாள் என்று முறைவைத்துத் திறக்கப்படுகிறது. நியூசிலாந்தில் காலை 9.30 என்றால் நமக்கு விடியற்காலை 5.30. முதல்நாள் இரவே கணினியைத் திறந்து வைத்து, கடவுச்சீட்டு எண்களை ஒரு தாளில் எழுதி ஒட்டி, காபியும் கையுமாக உட்கார்ந்தோம். இணையதளம் எல்லோரையும் ஒரு காத்திருப்பு அறையில் உட்கார வைத்து, நேரம் வந்ததும் குலுக்கல் முறையில் வரிசை எண் கொடுக்கிறது; முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற பேச்சே இல்லை. எங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே நுழைந்தபோது டிசம்பர், ஜனவரி இடங்கள் முழுவதும் தீர்ந்துவிட்டிருந்தன. மார்ச் முதல் வாரத்தில், ஃபால்ஸ் குடிலில் ஓர் இரவும் அதற்கடுத்த நாள் மெக்கென்ஸியில் ஓர் இரவும் இருவருக்கு அடுத்தடுத்துக் கிடைத்தன. வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்வாசிகளுக்கு உரியதைவிட அதிகம். அந்த விடியலில் அதைப் பற்றி நாங்கள் முணுமுணுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் திட்டம் சறுக்கியது. குடில் உறுதியானவுடன் பார்த்தால், கிரைஸ்ட்சர்ச்சுக்குப் போகும் விமானத்தில் நாங்கள் விரும்பிய நாளில் இரண்டு சேவர் இருக்கைகள் காத்துக்கொண்டிருந்தன. உடனே வங்கியில் புள்ளிகளை மாற்றச் சொன்னேன். பெயர் சொல்ல விரும்பாத அந்த வங்கி, ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வாசகத்தை ஏழு நாட்கள் காட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் வேலை நாட்களைத்தான் எண்ண வேண்டும் என்று கனிவாக விளக்கினார்கள். எட்டாம் நாள் மைல்கள் வந்து சேர்ந்தபோது அந்த இரண்டு இருக்கைகளையும் யாரோ கொண்டுபோயிருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு மூன்று வாரம் பொறுத்தோம். அதற்கு மேல் பொறுக்கத் துணிவில்லாமல் போகும் பயணத்தை அட்வாண்டேஜ் பிரிவிலும், திரும்பும் பயணத்தை மட்டும் சேவர் பிரிவிலும் எடுத்தோம்.

அதனால் ஏற்பட்ட இழப்பை ஒரு கணக்கில் சொல்லலாம். அதே இருக்கைக்குக் காசாகக் கொடுக்க வேண்டிய தொகையிலிருந்து, மைல் சீட்டுக்கும் கட்ட வேண்டியிருக்கும் வரியைக் கழித்து, மிச்சத்தை மைல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு தெரியும். எங்களுக்குத் திரும்பும் வழியில் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 1.8 காசு கிடைத்தது. போகும் வழியில் ஒரு காசுக்குச் சற்று மேல். ஒரு காசுக்கும் கீழே இறங்கினால் மைலைத் தொடாமல் பணம் கொடுத்தே சீட்டு வாங்குவது என்பது என் வீட்டுச் சட்டம். இம்முறை அந்தச் சட்டத்தின் விளிம்பில் நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குடில் முன்பதிவு நாளுக்கு ஒரு மாதம் முன்பே, அதாவது ஏப்ரல் வாக்கில், தேவையான புள்ளிகளை மட்டும் மாற்றி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. மூன்றாண்டுக் கெடுவில் ஒரு மாதம் வீணாவது பெரிய நட்டமில்லை.

விமானப் பயணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏறத்தாழ பத்து மணி நேர இரவுப் பயணம். முன்கூட்டியே கேட்டு வைத்த இந்திய சைவ உணவு சூடாக வந்தது. மைல் கொடுத்து ஏறியவருக்கும் பணம் கொடுத்து ஏறியவருக்கும் நடத்தையில் வேறுபாடு எதையும் நான் காணவில்லை.

கிரைஸ்ட்சர்ச்சில் இறங்கியதும் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா ஒன்றுதான் இருக்கிறது. அதிலும், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் 16 மாடிப் படிகளிலும் நான்கு மாதம் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்திருந்தோம். பயன்படுத்திய மலைநடைக் காலணிகளைக் கொண்டுவருகிறோம் என்று வருகை அறிவிப்பில் மறைக்காமல் குறிப்பிட்டிருந்தேன். உயிரியல் பாதுகாப்பு அதிகாரி காலணிகளைக் கேட்டு வாங்கி, அடிப்பாகத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தார். வீட்டில் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவியிருந்தும், குதிகால் பள்ளம் ஒன்றில் கடுகளவு செம்மண் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே நடந்தது என்று கேட்டார். புக்கிட் தீமா என்றேன். காலணிகளை உள்ளே எடுத்துச் சென்று, சில நிமிடங்களில் நான் கடையில் வாங்கிய நாளில்கூட இருந்திராத சுத்தத்தோடு, ஈரம் சொட்டத் திருப்பித் தந்தார். அபராதம் இல்லை. அறிவிக்காமல் போய் மாட்டியிருந்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து வெள்ளி. என் மனைவி பொட்டலம் கட்டி எடுத்து வந்த பருப்புப் பொடியையும் அறிவித்திருந்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு அனுமதித்தார்கள். தேன், பழம், இறைச்சி இவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மைல்கள் தொட முடியாத செலவுகளின் பட்டியல் இங்கிருந்து நீள்கிறது. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை என்றாலும் மின்னணுப் பயண அனுமதியும், 2024 அக்டோபரிலிருந்து 100 நியூசிலாந்து வெள்ளியாக உயர்ந்துவிட்ட சுற்றுலாப் பயணிகள் வரியும் ஆளுக்கு ஆள் கட்ட வேண்டும். கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர். விமானத்திலும் போகலாம். நாங்கள் வாடகைக் காரில் போனோம். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்குச் சிரமமில்லை. புக்காக்கி ஏரியின் பால்நீல நீருக்கு அப்பால் 3,724 மீட்டர் ஆவோராக்கி (மவுண்ட் குக்) சிகரம் தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டினோம். பாதையின் இரு முனைகளும் நேர்கோட்டில் பக்கத்தில் இருந்தாலும் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும் என்பதால், ஒரு முனையில் இறக்கிவிட்டு மறுமுனையில் ஏற்றிக்கொள்ளும் பேருந்துச் சேவைக்குத் தனியாகச் செலவழித்தோம். மொத்தக் கணக்கில் மைல்கள் எங்களுக்கு மிச்சப்படுத்தியது பாதிக்கும் குறைவே. ‘இலவசப் பயணம்’ என்று அட்டை விளம்பரங்கள் சொல்வதை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம்.

குடில்கள் கொடுத்த காசுக்கு மதிப்புள்ளவை. மெத்தை போட்ட அடுக்குக் கட்டில், எரிவாயு அடுப்பு, குழாய்த் தண்ணீர், கழிப்பறை உண்டு. பாத்திரமும் படுக்கைப்பையும் நாம்தான் சுமக்க வேண்டும், குளியலறை கிடையாது. ஃபால்ஸ் குடில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், அருவி இரைச்சலுக்குப் பக்கத்திலேயே மரங்கள் வளர்வது நின்றுபோகும் எல்லையில் இருக்கிறது. மாலையில் காப்பாளர் எல்லோரையும் கூட்டி வைத்து மறுநாள் வானிலையைச் சொன்னார். பிறகு, காலணிகளை வெளியே தரையில் விட்டுவைத்தால் கியா என்னும் மலைக்கிளிகள் வந்து கொத்திப் பிய்த்துவிடும், கொக்கியில் உயரமாக மாட்டுங்கள் என்றார். கிரைஸ்ட்சர்ச் அதிகாரி கழுவிக் கொடுத்த காலணிகளைக் கிளிக்குக் கொடுக்க மனமில்லாமல் இரட்டை முடிச்சுப் போட்டு மாட்டினேன்.

மறுநாள் 1,255 மீட்டர் ஹாரிஸ் கணவாயைத் தாண்டும்போது காற்று ஆளைத் தள்ளியது. எதிரே ஹாலிஃபோர்ட் பள்ளத்தாக்கும் டேரன் மலைத்தொடரும் பத்து நிமிடம் தெரிந்து, பிறகு மேகத்துக்குள் போய்விட்டன. மூன்றாம் நாள் 174 மீட்டர் எர்லண்ட் அருவியின் தூவானத்தில் நனைந்தபடி பாதையின் மறுகோடியான டிவைட் முனைக்கு இறங்கினோம். உச்சிப் பகுதியில் மழையும் குளிரும் கோடையிலேயே வரும். நல்ல மழைச்சட்டைக்குச் செய்த செலவை நான் ஒருபோதும் குறைக்கமாட்டேன்.

கிரிஸ்ஃபிளையர் திட்டத்துக்கு இந்தப் பயணத்தை வைத்து ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். நேரடி விமானம், ஒருவழிச் சீட்டு, வரி மட்டுமான கட்டணம் ஆகியவை மூன்றரையைப் பெற்றுத் தருகின்றன. குடில் முன்பதிவுக்கும் சேவர் இருக்கைக்கும் இடையே உள்ள கால இடைவெளி ஒன்றரையைத் தின்றுவிடுகிறது; இதில் விமான நிறுவனத்தின் பிழை என்று எதுவுமில்லை, இரண்டு நாட்காட்டிகள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். தேதியை மாற்ற முடியாதவர்கள், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போக நினைப்பவர்கள், புள்ளிகளை நம்பித் திட்டமிடாமல் சலுகை விலைச் சீட்டு வரும்போது வாங்கிவிடுவது மேல். மார்ச், ஏப்ரலில் போகக்கூடியவர்கள் முதலில் கட்டிலைப் பிடியுங்கள். மைல்கள் அதற்குள் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கட்டும். எங்கள் கணக்கில் மீதமுள்ள மைல்கள் இன்னும் இரண்டாண்டு தாங்கும். இன்னொரு ‘கிரேட் வாக்’ ஆன மில்ஃபர்ட் பாதைக்கான முன்பதிவு நாளுக்கு இப்போதே கடிகாரத்தில் 5 மணி அலாரம் வைத்திருக்கிறேன்.