மெதூசா மொசைக் கிட் வாங்கலாமா?

சென்னையில் கைவினைப் பொருள் விற்கும் ஒரு கடையில் ரோமானியத் தரை மொசைக் கிட் கிடைக்கிறது. மெதூசா (கிரேக்கப் புராணத்தில் முடிக்குப் பதில் பாம்புகள் உள்ள பெண்), நெப்டியூன் (ரோமானியக் கடல் தெய்வம்) என இரண்டு படம், 30 செ.மீ. சதுரம், 1,900 ரூபாய். வெள்ளை, காவி, மஞ்சள் சலவைக்கல் துண்டுகள் அருமை. கறுப்புக்கு மட்டும் பளபளக்கும் டைல்ஸ் துண்டு போட்டிருக்கிறார்கள், கண்ணை உறுத்துகிறது. கல் பட்டறையில் கடப்பா கல் கழிவைக் கேட்டு வாங்கி அதையே வையுங்கள்.

கோளாறு வரைபடத்தில்தான். கட்டம் போட்ட தாளில் முகத்தை அச்சடித்திருக்கிறார்கள். அதன்படி ஒட்டினால் மெதூசாவின் கன்னம் படிக்கட்டாகிவிடும். ரோமானியக் கைவினைஞர்கள் கட்டம் பார்த்து முகம் அமைக்கவில்லை. கன்னம் வளைந்தால் கல் வரிசையும் கூடவே வளையும். முகத்துக்கு 4 மி.மீ.க்கும் சிறிய கல்லை நெருக்கி வைத்த வேலைக்கு வெர்மிகுலாட்டும் என்று பெயர். லத்தீனில் புழு என்ற சொல்லிலிருந்து வந்தது, வரிசை புழுப்போல நெளிவதால்.

கட்டத்தை மறந்துவிட்டுக் கண்ணிலிருந்து தொடங்குங்கள். 8 மி.மீ. கல்லை நான்காக வெட்டி முதலில் கண்மணி, பிறகு மேல் இமை, மூக்கு, கன்னம், பாம்பு முடி. உருவத்தைச் சுற்றி ஒரு வரி வெள்ளைக் கல் ஓடிய பிறகே பின்னணியை நிரப்ப வேண்டும். கண்மணியை நட்டநடுவில் வைக்காதீர்கள். ரோமானிய மெதூசாக்கள் பலரும் ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள். கிட்டில் உள்ளவள் நேரே விழித்துப் பொம்மையாகிவிட்டாள்.

ரோமானியர்கள் தரை நடுவில் மெதூசாவைப் பதித்தது அழகுக்காக மட்டுமில்லை. கட்டுகிற வீட்டில் நாம் திருஷ்டி பொம்மை கட்டுகிறோமே, அந்த நினைப்புதான். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கிடைத்து இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுத் தரையில், முகத்தைச் சுற்றி முக்கோணங்கள் வெளியே போகப் போகப் பெரிதாகிக் கேடயம்போல விரியும். கிட்டில் இந்த முக்கோணங்களையே விட்டுவிட்டார்கள். பெரிய குறை.

கல் எண்ணிக்கையும் போதாது. 8 மி.மீ. கல்லை 1 மி.மீ. இடைவெளியில் வைத்தால் 30 செ.மீ. சதுரத்துக்குச் சுமார் 1,100 வேண்டும், வெட்டுச் சேதம் சேர்த்தால் 1,200. பெட்டியில் 1,000தான். கூடவே வருவது சக்கர நிப்பர் (சக்கர முனையுள்ள வெட்டும் இடுக்கி). அது கண்ணாடிக்கானது, சலவைக்கல் அதில் நொறுங்கும். கார்பைடு முனையுள்ள டைல்ஸ் நிப்பர் வாங்குங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

ஒட்டும் முறை, தாளில் கவிழ்த்து ஒட்டிப் பிறகு திருப்பிப் பதிப்பது. முறை சரி. ஆனால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சடிக்க மறந்திருக்கிறார்கள். நெப்டியூனின் சூலம் வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போய்விடுகிறது. ஜன்னல் கண்ணாடியில் தாளை வைத்துப் பின்பக்கம் வரைந்துகொண்டால் சரியாகும். தாளில் ஒட்ட வெள்ளைக் கோந்து தந்திருக்கிறார்கள்; காய்ந்தபின் தாள் உரியாது, கல்லையும் பிடுங்கிக்கொண்டு வரும். மைதா பசை காய்ச்சிக்கொள்ளுங்கள். டைல்ஸ் பசையில் பதித்து 24 மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் தாள் வழுக்கிக்கொண்டு வரும்.

அடிப்பலகை எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த பலகை); ஈரம் பட்டால் ஊதும். குளியலறைக்கோ பால்கனிக்கோ என்றால் சிமென்ட் ஃபைபர் பலகைக்கு மாற்றுங்கள். கல் இடைவெளியை நிரப்பும் கிரவுட் பூச்சின் கறையை வினிகரால் துடைக்கச் சொல்கிறது குறிப்புத்தாள். செய்யவே செய்யாதீர்கள்: சலவைக்கல்லும் கடப்பா கல்லும் சுண்ணாம்புச் சத்து, அமிலம் பட்டதும் மேல்பரப்பு அரித்து மங்கிவிடும். ஈரப் பஞ்சு போதும்.

கல்லுக்காக மட்டும் வாங்கலாம், வரைபடத்தை நீங்களே போடத் தயாராக இருந்தால்.