லிஃப்ட் சேர் ரிமோட்டுக்கு ‘மதர்போர்டு’ பில்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் ஒரு தாள் இருக்கிறது. அதைப் பில் என்று சொல்ல முடியாது, மேலே ‘எஸ்டிமேட்’ என்றுதான் அச்சடித்திருக்கிறது. ரிமோட் சர்வீஸ் 1,800, மதர்போர்டு 4,500, அடாப்டர் 2,600, அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. மொத்தம் 10,502 ரூபாய். இத்தனைக்கும் புகார் ஒன்றே ஒன்றுதான்: ‘மேலே’ பட்டனை அழுத்தினால் சில நேரம் லிஃப்ட் சேர், அதாவது உட்கார்ந்திருப்பவரை மோட்டாரால் தூக்கி எழ உதவும் நாற்காலி, எழவில்லை.

புதுச்சேரியிலிருந்து வந்த ஆள் நாற்காலியை எடுத்துப் போய் நான்காம் நாள் திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து பதினோராம் நாள், பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் நாற்காலி நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. உட்கார்ந்திருந்த எண்பது வயது அம்மாள் முன்பக்கம் சரிந்து விழும் நேரத்தில் பேரன் சுவர் சுவிட்சை அணைத்ததால் தப்பினார். அதன் பிறகுதான் அந்த ரிமோட் சரியான கைகளில் திறக்கப்பட்டது. உள்ளே இருந்தது இதுதான்.

முதலில் அந்த மதர்போர்டு. இந்த நாற்காலியில் மதர்போர்டே கிடையாது. ஒரே மோட்டார், வயர் போட்ட இரண்டு பட்டன் ரிமோட் உள்ள பெரும்பாலான சேர்களில் மதர்போர்டு என்று சொல்லத்தக்க ஒன்று இருக்காது. ரிமோட் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, டிவி ரிமோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது நீளமான வயரின் நுனியில் தொங்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவே. அடாப்டரிலிருந்து வரும் 29 வோல்ட் டிசி ரிமோட்டுக்குள் போய்த்தான் மோட்டாருக்குத் திரும்புகிறது. பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் போனால் மேலே, மாற்றிப் போனால் கீழே. உள்ளே ஒரு சின்ன பிசிபி (பாகங்களைச் சால்டர் செய்யும் அட்டை), அதில் மும்மூன்று கால் உள்ள இரண்டு மைக்ரோ சுவிட்ச். ‘புரோகிராமிங் போயிடுச்சு’, ‘ஐசி எரிஞ்சிருக்கு’ என்று இந்த ரிமோட்டைப் பார்த்து ஒருவர் சொன்னால், அங்கேயே நாற்காலியை விட்டு எழுந்து அவரை வழியனுப்பலாம். இரண்டு மோட்டார், மசாஜ், ஹீட் உள்ள சேர்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி தனியாக உண்டு. அவற்றின் ரிமோட் பிளக்கில் பெரும்பாலும் ஐந்துக்கு மேல் பின் இருக்கும். அது வேறு கதை.

பட்டனைத் தொடாமல் இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரும் மைனஸில் கிடக்கும். ‘மேலே’ அழுத்தினால் ஒரு வயர் மட்டும் பிளஸுக்குத் தாவும். ‘கீழே’ அழுத்தினால் இன்னொன்று தாவும். ஆளைத் தூக்குவது மேலே போகும்போது; அப்போதுதான் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். ஆகவே ‘மேலே’ சுவிட்சின் உள்தகடு முதலில் கருகும். மஞ்சக்குப்பம் நாற்காலியில் நடந்ததும் அதுவே. அந்தச் சுவிட்சை மாற்றுவது பதினைந்து நிமிட வேலை.

வந்த ஆள் அதை மாற்றினார். எதைக் கொண்டு? கம்ப்யூட்டர் மவுஸில் ‘டிக்’ என்று சத்தம் போடுமே, அந்தச் சுவிட்சைப் போட்டிருக்கிறார். மூன்று கால், ஏறக்குறைய அதே உருவம். காலைக் கொஞ்சம் வளைத்தால் பிசிபியில் உட்கார்ந்துவிடும். மவுஸுக்கென்றே வரும் அந்தச் சுவிட்ச் சில மில்லி ஆம்பியருக்குச் செய்தது. லிஃப்ட் சேர் மோட்டார் கிளம்பும் நொடியில் இழுப்பது ஆம்பியர் கணக்கில். போதாததற்கு இது டிசி. வீட்டு ஏசி கரண்ட் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு வந்து போவதால் சுவிட்ச் திறக்கும்போது பொறி தானாக அணையும். டிசியில் அந்த வாய்ப்பு கிடையாது, பொறி இழுபட்டுக்கொண்டே நிற்கும். பத்து நாள் தாங்கியதே பெரிது. பதினோராம் நாள் தகடு இரண்டும் பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டன. விரலை எடுத்தாலும் ‘மேலே’ அழுத்தியபடியே இருக்கிறது என்று மோட்டார் நினைத்துக்கொண்டது.

இந்த நிலைக்கு ஓர் அடையாளம் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தானாக ஏறும் நாற்காலியில் ‘கீழே’ அழுத்தினால் நிற்கும், இறங்காது. விட்டால் மறுபடி ஏறும். இரண்டு வயரும் பிளஸில் போய்விடுவதால் மோட்டாருக்கு வேலை இல்லாமல் போகிறது. அப்படி நடந்தால் ‘கீழே’ பட்டனை அழுத்திப் பிடித்தபடியே யாரையாவது கூப்பிட்டுச் சுவர் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். அடாப்டருக்குள் பேட்டரி இருந்தால் அடாப்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரையும் கழற்ற வேண்டும்.

அடுத்தது அடாப்டர். ஒரிஜினல் அடாப்டரை அந்த ஆள் கொண்டு போய்விட்டார். பழைய சாமான் எதையும் திருப்பித் தரவில்லை. பதிலுக்கு வந்தது லேப்டாப் சார்ஜர், நுனியை வெட்டிச் செலோடேப் சுற்றியது. மீட்டரில் 19.4 வோல்ட். 29 வோல்ட்டில் ஓட வேண்டிய மோட்டார் 19 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடும், பாரம் ஏறினால் இன்னும் திணறும். ‘புது பார்ட் போட்டிருக்கோம், அதனாலதான் ஸ்மூத்தா மெதுவா போகுது’ என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னாராம். அந்த வார்த்தைக்கு மட்டும் தனியாகக் காசு கேட்காமல் விட்டார்.

லேப்டாப் சார்ஜரால் போனது வேகம் மட்டுமில்லை. பல லிஃப்ட் சேர் அடாப்டர்களின் அடியில் ஒரு மூடி இருக்கும், அதற்குள் இரண்டு 9 வோல்ட் பேட்டரி. கரண்ட் போனால் நாற்காலியை ஒருமுறை கீழே இறக்க அது உதவும், தூக்க உதவாது. கடலூரில் புயல் வந்தால் கரண்ட் நாள்கணக்கில் போவது, 2011-இல் ‘தானே’ புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதி இப்போது அந்த நாற்காலியில் இல்லை. உங்கள் அடாப்டரில் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். பேட்டரி பொங்கி வெள்ளையாகப் பூத்திருந்தால் எடுத்து எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 29 வோல்ட், 2 ஆம்பியர் என்பது அறுபது வாட்டுக்குள்தான்.

இனி, பழுது வந்தால் ஆளைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியது. யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. அடியில் கத்தரி போல மடங்கும் இரும்புச் சட்டத்துக்குள் கை விடக் கூடாது. குழந்தைகளை அறையை விட்டு அனுப்பிவிடுங்கள்.

அடாப்டரில் பச்சை விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் சுவர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். எரிந்தால் மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து அடாப்டர் வெளியீட்டைத் தொடுங்கள். 29 பக்கத்தில் காட்டினால் பெரும்பாலும் நல்ல அடாப்டர். பாரம் ஏறும்போது அந்த வோல்ட் குறைகிறதா என்று பார்த்தால் சந்தேகம் முழுதாகத் தீரும். அடாப்டர் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு சார்ஜ் நிற்கும்.

பிறகு ரிமோட் பிளக். பழைய ஆம்ப்ளிஃபயர்களில், கீபோர்டு வாசிப்பவர்களின் மிடி வயரில் வருமே, அந்த வட்டமான ஐந்து பின் டின் (DIN) பிளக்தான் பெரும்பாலான சேர்களில். நாற்காலி ஏறி இறங்கும்போது சட்டத்தில் சிக்கி அது பாதி கழன்று நிற்பது சாதாரணம். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய வீடுகளில் இன்னொன்று நடக்கும்: பின்னில் பச்சைக் களிம்பு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷ் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்முலாம் போய்விடும். அடுத்த மழைக்காலத்துக்குள் இரண்டு மடங்கு களிம்பு ஏறும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் ரிமோட் பிளக்கைக் கழற்றி, மீட்டரைக் கன்டினியூட்டியில் (இரு முனைக்கும் இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வையுங்கள். எந்தப் பின் எதற்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், யூடியூப் படத்தை நம்பாதீர்கள். பட்டனைத் தொடாமல் பின்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள்: மேலே சொன்ன வகை ரிமோட்டில் மூன்று பின் ஒன்றோடொன்று பீப் அடிக்கும். அது மைனஸும் மோட்டார் வயர் இரண்டும். தனியாக நிற்கும் மற்ற இரண்டில் ஒன்று பிளஸ். ‘மேலே’ அழுத்தியதும் மூன்றில் ஒன்று கூட்டத்தை விட்டு விலகிப் பிளஸோடு சேர வேண்டும். மீட்டரை ஓம்ஸில் மாற்றி, அழுத்தியபடி அளந்தால் ஒரு ஓம் பக்கம் காட்டினால் சுவிட்ச் நல்லது. பத்து, இருபது என்று எண் ஆடினால் தகடு கருகிவிட்டது. அளக்கும்போதே ரிமோட்டின் கழுத்தருகே வயரை வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் சுவிட்ச் குற்றவாளி இல்லை, உள்ளே செம்பு இழை அறுந்திருக்கிறது. நாற்காலிக் கைப்பிடியில் தொங்கித் தொங்கி அந்த இடம்தான் போகும்.

சுவிட்ச் மாற்றுகிறவர் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவையும் சேர்த்துக் கழற்றி, பழைய ஏடிஎம் கார்டால் மூடியை நெம்பி, முதலில் போனில் ஒரு படம் எடுக்க வேண்டும். புதுச் சுவிட்சின் உடம்பில் ‘250 வோல்ட் ஏசி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 30 வோல்ட் டிசிக்கு எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 5 ஆம்பியராவது இருக்க வேண்டும். ‘மேலே’, ‘கீழே’ சுவிட்ச் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றின் விலை சில பத்து ரூபாய், இதில் கஞ்சத்தனம் எதற்கு? ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் சால்டரிங் அயர்ன் நிற்கக் கூடாது, பிளாஸ்டிக் இளகிப் பட்டன் மாட்டிக்கொள்ளும். வயர் அறுந்திருந்தால் கழுத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகச் சால்டர் செய்து, பெட்டிக்குள் ஒரு கேபிள் டை இறுக்கி விட வேண்டும். இழுவை சால்டருக்குப் போகாமல் அது தாங்கும்.

முழு வயரையும் மாற்றச் சொல்லி மிடி வயரைக் கொண்டு வந்தால் வாங்காதீர்கள். ஐந்து பின் இருக்கும், ஆனால் பல மிடி வயர்களில் மூன்று பின்னுக்குத்தான் உள்ளே கம்பி. அதுவும் தலைமுடி தடிமன்தான். புது ரிமோட்டே வாங்குவதானாலும் ‘பிளக் சேருது’ என்பது போதாது. பின்கள் நிற்கும் வளைவு 180 டிகிரி, 240 டிகிரி என்று இரண்டு விதம். வளைவு பொருந்தினாலும் உள் வயரிங் வேறாக இருந்தால் அழுத்தியதும் அடாப்டர் ஷார்ட் ஆகும். பழைய ரிமோட்டின் பின்பக்க லேபிளில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் சோதிக்க ஆளை உட்கார வைக்க வேண்டாம். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை ஏற்றி ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. நடுவில் நான்கைந்து இடத்தில் விரலை எடுத்து, உடனே நிற்கிறதா என்று பாருங்கள். அத்தோடு விடுங்கள். பல மோட்டார் லேபிளில் 2 நிமிடம் ஓட்டம், 18 நிமிடம் ஓய்வு என்று இருக்கும். இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு: நாற்காலியை விடாமல் ஏற்றி இறக்கிக் காட்டுவார்கள், சூட்டில் மோட்டாரின் பாதுகாப்பு துண்டிக்கும், ‘பாருங்க, மோட்டாரும் போச்சு’ என்பார்கள். அரை மணி நேரம் காபி கொடுத்து உட்கார வைத்தால் மோட்டாருக்கு உயிர் வந்துவிடும்.

நாற்காலியை எடுத்துப் போக விடாதீர்கள். ரிமோட்டைக் கழற்ற இரண்டு நிமிடம். அதை மட்டும் கொடுத்தனுப்பலாம். அடாப்டர் லேபிளையும் ரிமோட் உள்பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் காசு தர வேண்டாம்.

அந்தத் தாளுக்கு வருவோம். 18% ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறார்கள், ஜிஎஸ்டி எண் எங்கும் இல்லை. எண் 15 இலக்கம். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்றும் புதுச்சேரிக் கடை என்றால் 34 என்றும் தொடங்கும். எண் இல்லாத தாளில் ஜிஎஸ்டி கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. செய்த வேலைக்குப் பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2 வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. கடை புதுச்சேரியில் இருக்கிறதே என்று அலைய வேண்டாம், குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று அந்தச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. மஞ்சக்குப்பத்து வீட்டார் அந்த எஸ்டிமேட் தாள், பணம் அனுப்பிய யுபிஐ ரசீது, ஒட்டிப்போன மவுஸ் சுவிட்ச் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறார்கள்.