மூக்கோரத்துக் கட்டிக்கு எது சரி: சுரண்டலா, வெட்டா, மோஸா?

ஏற்காட்டுத் தோட்டங்களில் வெயிலில் காலம் தள்ளியவர்களுக்கு மூக்கோரத்திலோ கண்ணுக்குக் கீழேயோ கருப்பாக ஒரு கட்டி வந்தால், மச்சம் என்று விட்டுவிடுவார்கள், இல்லை மருவுக்கு வைக்கிற மாதிரி சுண்ணாம்பு வைத்துப் பார்ப்பார்கள். நம் நிறத்தில் பேசல் செல் புற்றுநோய் (தோல் புற்றுநோயில் ஒரு வகை) பெரும்பாலும் கருப்பாகத்தான் தெரியும் என்பதால் இந்தக் குழப்பம் சகஜம். பயாப்சியில் (கொஞ்சம் சதையை எடுத்துப் பார்க்கிற சோதனை) அதுதான் என்று உறுதியான பிறகு எப்படி எடுப்பது என்பதில் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: கட்டி மிச்சம் இருக்கிறதா என்று வெட்டிய ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு பார்க்கிறார்கள்?

க்யூரெட் என்கிற வளையக் கரண்டியால் சுரண்டி, கரண்ட் வைத்துக் கருக்குகிற முறையில் ஓரம் பார்க்கப்படுவதே இல்லை. முதுகிலோ கையிலோ சின்னதாக, மேலோட்டமாக இருந்தால் போதும், சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. மூக்கு, கண், காது பக்கம் என்றால் நான் வேண்டாம் என்பேன், தாடி மாதிரி முடி முளைக்கிற இடத்திலும் வேண்டாம், ஏனென்றால் முடியின் வேர்க்கால் வழியாகக் கட்டி கீழே இறங்கியிருந்தால் கரண்டிக்கு அது எட்டாது. திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைப்பதிலும் இதே குறைதான், அதோடு நம் தோலில் வெள்ளைத் தழும்பு விழுந்து அப்படியே நிற்கக்கூடும்.

கத்தியால் சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பதுதான் வழக்கமான முறை. சின்ன, எல்லை தெளிவான பேசல் செல் கட்டிக்கு 4 மில்லிமீட்டர் ஓரம் விடுவார்கள். எடுத்த துண்டு லேபுக்குப் போகும், அங்கே அதை ரொட்டி நறுக்குவது போல நறுக்கிச் சில சீவல்களை மட்டும் பார்ப்பதால் மொத்த ஓரத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் கண்ணில் படும். ‘ஓரம் சுத்தம்’ என்று ரிப்போர்ட் வந்த பிறகும் சிலருக்குத் திரும்ப வருவது இதனால்தான்.

மோஸ் முறை இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் மோஸ் தொடங்கியது. இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, கிண்ணம் போல மெல்லிய அடுக்காக எடுத்து, சாயம் பூசித் திசையைக் குறித்துக்கொண்டு, உறைய வைத்து, அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் முழுக்கப் பார்க்கிறார்கள். எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் இன்னொரு அடுக்கு. நல்ல தோல் வீணாகாது, மூக்கில் அது பெரிய விஷயம். நெதர்லாந்தில் முகத்துப் பேசல் செல் கட்டிகளை வைத்து நடந்த ஆய்வில், முதல் முறை வந்த கட்டி 10 வருடத்தில் திரும்பியது மோஸில் 4.4 சதவீதம், வழக்கமான வெட்டில் 12.2. ஆனால் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கலாம், பயிற்சி பெற்றவர்களும் நம் நாட்டில் குறைவு.

சரி, மோஸுக்காக வெளியூர் அலைய முடியாதவர்கள்? சேலத்திலேயே, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் தோல் பிரிவில் தொடங்கலாம். அங்கேயும் சரி, தனியார் டாக்டரிடமும் சரி, இதைக் கேளுங்கள்: கட்டியை எடுத்துவிட்டு, ரிப்போர்ட் வரும்வரை காயத்தை மூடாமல் கட்டுப் போட்டு வைத்து, ஓரம் சுத்தம் என்று தெரிந்த பிறகு தைக்க முடியுமா? சில நாள் ஆகும், சிரமம்தான், ஆனாலும் மூக்கோரத்துக்கு உடனே தைத்து அனுப்புவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. அந்த நாட்களில் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்காமல், கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பேசல் செல்லுக்கு. உள்ளங்காலில், நகத்தடியில் கருப்பாகப் பரவுகிற மெலனோமா என்கிற இன்னொரு வகைத் தோல் புற்றுநோய் வேறு கதை. அதில் ஓரம் எவ்வளவு விடுவது என்பதை (பெரும்பாலும் 1 முதல் 2 சென்டிமீட்டர்) கட்டியின் ஆழம்தான் முடிவு செய்கிறது, அப்புறம் சுரண்டியோ கருக்கியோ விட்டால் அளக்க ஆழமே மிஞ்சாது. அப்படி ஒன்று இருந்தால் பயாப்சிக்கு முன்னால் யாரையும் அதில் கரண்ட் வைக்க விடாதீர்கள்.