லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ் 5ஆவது எடிஷன்: சண்டை ரூல்ஸ் மட்டும் பத்தி ஒரு ரிவ்யூ

கேம் நடக்குற ரொகுகான் உலகம், குலச் சண்டை, அரசியல் எல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் வாள் சண்டை மட்டும்தான் பேசப்போறேன். 2018ல ஃபேன்டசி ஃப்ளைட் கொண்டுவந்த ரூல்புக் இது, சாமுராய் கேரக்டரா டேபிள்ல உக்காந்து டைஸ் உருட்டி ஆடுற ரோல்-பிளேயிங் கேம். டெக்னிக் லிஸ்ட்டைப் பாத்துட்டு, கட்டா (சண்டை டெக்னிக்) நாலு எடுத்தா நாலு மடங்கு பலம்னு நினைச்சுதான் என் முதல் புஷியை, அதாவது போர்வீரன் கேரக்டரைப் போட்டேன், சுத்தத் தப்பு. நிறைய கட்டா வேலை செய்யணும்னா டைஸ்ல ஆப்பர்ச்சூனிட்டி சிம்பல் வரணும், சாதா அடியில கிரிட்டிக்கல் (பெரிய காயம்) கொடுக்கவும் அதே சிம்பல் ரெண்டு வேணும், எத்தனை டைஸ் உருட்டினாலும் கையில வெச்சுக்க முடியுறது ரிங் அளவுக்குத்தான் (ஏர், எர்த், ஃபயர், வாட்டர், வாய்டுன்னு ஆளோட அஞ்சு குணத்துக்கும் இருக்குற நம்பர்தான் ரிங்). ரிங் 3னா மூணு டைஸ், அதுக்குள்ள அடியும் படணும் கட்டாவும் ஓடணும் கிரிட்டிக்கலும் வேணும்னா ஒரே போர்வையை மூணு பேர் இழுக்குற கதைதான்.

அப்படியே சேர்த்து வெச்சாலும் எதிராளி எர்த் ஸ்டான்ஸ்ல (எந்த ரிங்கை வெச்சு ஆடுறோமோ அதுதான் ஸ்டான்ஸ்) நின்னா போச்சு, ஆப்பர்ச்சூனிட்டி செலவு பண்ணி அவன் மேல கிரிட்டிக்கலோ கண்டிஷனோ (ஆளை முடக்குற பாதிப்பு) போடவே முடியாது. ஏர்ல நின்னா அவனை அடிக்கிற டார்கெட் நம்பரே (தேவையான சக்சஸ் எண்ணிக்கை) ஏறிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபயர் ஸ்டான்ஸ். அடி பட்டுச்சுன்னா டைஸ்ல இருக்குற ஒவ்வொரு ஸ்ட்ரைஃப் (மன உளைச்சல்) சிம்பலும் போனஸ் சக்சஸ், டேமேஜ் எகிறும். ஆனா அந்த ஸ்ட்ரைஃப் உன் தலையிலதானே ஏறுது! கம்போஷரை, அதாவது மனசு தாங்குற அளவைத் தாண்டிட்டா காம்ப்ரமைஸ்டு, அப்புறம் ஸ்ட்ரைஃப் இருக்குற டைஸை வெச்சுக்கவே முடியாது, அதாவது ஃபயரோட பலமே காலி.

டூயல்ல (ஒத்தைக்கு ஒத்தை மோதல்) இது இன்னும் கொடூரம். என் ஆளுக்கு எர்த் 2, வாட்டர் 1, கூட்டி ரெட்டிப்பாக்கினா கம்போஷர் 6. டூயல்ல ரவுண்டு நம்பர் எவ்வளவோ அவ்வளவு ஸ்ட்ரைஃப் சும்மாவே ஏறும், மூணு ரவுண்டுல 1, 2, 3னு அந்த 6உம் ரொம்பிடும். இதுல நான் வீராப்பா ஃபயர்ல நின்னு உருட்டிட்டிருந்தேன். எதிர்ல இருந்தவன் வாய்டு ஸ்டான்ஸ்ல, டைஸ்ல வர ஸ்ட்ரைஃப் அவனுக்கு ஏறவே ஏறாது, அமைதியா காத்துட்டு, நான் காம்ப்ரமைஸ்டு ஆனதும் ஃபினிஷிங் ப்ளோ போட்டான். கட்டானாவை ரெண்டு கையால பிடிச்சா டெட்லினெஸ் (காயம் எவ்வளவு மோசம்ங்கிற நம்பர்) 7, ஃபினிஷிங் ப்ளோல அதுவும் ரெட்டிப்பு.

குறைன்னா, புதுசா வரவங்களுக்கு சிம்பல் படிக்கவே ஒரு செஷன் போயிடும், நாலு பேர் சண்டை போட்டா மெதுவாத்தான் நகரும். டக்குன்னு வெட்டிட்டுப் போற கேம் வேணும்னா இதை வாங்காதீங்க. நான் அடுத்த ஆளைப் போட்டாச்சு, கட்டா ஒண்ணே ஒண்ணு, வாட்டர் 3.