வெள்ளத்தில் கார்: மேட்டில் நிறுத்துவதா, மூட்டை கட்டுவதா, தூக்கி வைப்பதா?

ஐப்பசி மழை வலுத்தால் குமரி மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கவலை. போர்டிகோவில் நிற்கும் வண்டியை என்ன செய்வது? மேட்டில் கொண்டுபோய் நிறுத்தலாம். ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் வண்டியை ஏற்றி மூடலாம். ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி வைக்கலாம். இல்லையென்றால் 'இன்சூரன்ஸ் இருக்குல்ல' என்று போர்த்திப் படுக்கலாம். இந்த நாலும் ஒரே தரத்தில் வைத்துப் பேசக்கூடியவை அல்ல.

முதலில், உங்கள் வாசலுக்கு வருவது எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். மேற்கே கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகின்றன. மலையிலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீருக்கு இழுப்பு அதிகம். சுசீந்திரம், ஒழுகினசேரிப் பக்கம் கதை வேறு. பழையாறும் குளங்களும் நிரம்பி வயல் வழியாக மெல்ல ஏறும் தண்ணீர் அது, வடியத்தான் நேரமாகும்.

இழுப்பு உள்ள இடத்தில் பிளாஸ்டிக் உறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சின்னதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 கிலோ எடையுள்ள சிறிய கார், நீளம் 3.8 மீட்டர், அகலம் 1.7 மீட்டர். பரப்பு சுமார் ஆறரை சதுர மீட்டர். தண்ணீர் உள்ளே புகாவிட்டால், வண்டியின் அடித்தட்டுக்கு மேல் 14 சென்டிமீட்டர் ஏறினாலே அந்த எடையைத் தூக்கிவிடும். தரைக்கும் அடித்தட்டுக்கும் இடையே உள்ள 17 சென்டிமீட்டரையும் சேர்த்தால் ஏறக்குறைய ஓரடித் தண்ணீர், அவ்வளவுதான். உறை எவ்வளவு நன்றாக மூடியிருக்கிறதோ அவ்வளவு சுலபமாக வண்டி மிதக்கும். கயிறு போட்டுத் தூணில் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு மதிலில் போய் முட்டும். ஒரு கம்பி முனை கிழித்தால் உறைக்குப் போட்ட பணமும் போச்சு. மூடிய ஷெட்டுக்குள், முழங்காலுக்குக் கீழே தேங்கி நிற்கும் தண்ணீருக்கு, கட்டி வைத்த வண்டிக்கு அது உதவும். சாதாரண தார்ப்பாய் மழையைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது.

தூக்கி வைப்பதும் தேங்கும் தண்ணீருக்குத்தான். சிமென்ட் தளம் இருந்தால், நல்ல ஜாக்கி ஸ்டாண்டுகள் மேல் ஓரடி கிடைக்கும். வெறும் மண் தரையென்றால் ஊறி ஒரு பக்கம் இறங்கிவிடும். ஹாலோ பிளாக்கை அடுக்கி மேலே காரை ஏற்றும் வேலை வேண்டவே வேண்டாம். அது சொல்லாமல் நொறுங்கும். வயலை நிரப்பிப் புதிதாக வீடு கட்டுகிறவர்கள், வீட்டு பேஸ்மென்டை உயர்த்தும்போதே போர்டிகோவையும் சேர்த்து உயர்த்திவிடுவது இதைவிட எவ்வளவோ மேல். பலர் வீட்டை நாலடி தூக்கிவிட்டு, காரை ரோட்டு மட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

என் ஓட்டு மேட்டுக்குத்தான். நம்ம ஊர் நில அமைப்பு அதற்கு வசதி. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஏலாவிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, கொஞ்ச தூரம் ஏறினால் மேடு வந்துவிடும். நேரமும் கிடைக்கும். 48 அடி கொண்ட பேச்சிப்பாறை அணை 42 அடியைத் தொட்டாலே வெள்ள எச்சரிக்கை வரும். உபரி நீர் திறப்பதையும் முன்கூட்டி அறிவிப்பார்கள். அந்தச் செய்தி வந்ததும் சாவியை எடுக்க வேண்டும். ஆற்றில் தாழ்வாகக் கிடக்கும் குழித்துறை சப்பாத்துப் பாலம் மூழ்கியதை வாட்ஸ்அப்பில் பார்த்த பிறகு கிளம்புவது தாமதம்.

மேடு என்றவுடன் ரப்பர் தோட்டத்துக்குள் விட்டுவிடாதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்கள் எப்படி முறிந்து கிடந்தன என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தென்னை, அயனி மரங்களின் அடியிலும் வேண்டாம். தெரிந்தவர் வீட்டு முற்றம், பள்ளி மைதானம், கோயில் அல்லது சர்ச் வளாகம் என்று மழைக்கு முன்னாலேயே கேட்டு வைப்பது நல்லது. சென்னைக்காரர்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்துவதைப் பார்த்து மார்த்தாண்டம் பாலத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். அங்கே ஓரமாக ஒரு கார் நின்றாலே பஸ்ஸும் ஆம்புலன்ஸும் திணறும்.

சரி, இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி இருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் கிடைக்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், 'எஞ்சின் புரொடெக்ட்' எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் கை விரிப்புதான். அந்தக் கூடுதல் பாதுகாப்பைப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும்; ரெட் அலர்ட் வந்தபிறகு அல்ல. கிளெய்ம் போட்டால், பல வருடம் சேர்த்து 50 சதவீதம் வரை வளர்ந்த நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடியும் போய்விடும். மேட்டுக்கு ஓட்டிப்போக நூறு ரூபாய் பெட்ரோல்கூட ஆகாது.

எதுவும் கைகொடுக்காமல் வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதா? தண்ணீர் வடிந்ததும் சாவியைத் தொடாமல் முதலில் போட்டோ எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மின்சார வண்டியென்றால் கை வைக்காமல் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். பெட்ரோல், டீசல் வண்டியில் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் விடாமல், அப்படியே லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.