"சிஸ்டம் பூரா வைரஸ்" என்று ஃபார்மேட் அடிக்கும் கடைகள்: உஷார்

சர்வீஸ் கடையில் "சிஸ்டம் பூரா வைரஸ்ணே, ஃபார்மேட் அடிச்சாதான் சரியாகும்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அப்படித் தலையாட்டியதில் என் மச்சானின் மளிகைக் கடைக் கடன் கணக்கு மொத்தமும் போய்விட்டது.

அவருடைய பில்லிங் சாஃப்ட்வேர் திடீரென்று திறக்கவில்லை. சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் சிவப்பு எச்சரிக்கையைக் காட்டினார், ஃபார்மேட் அடித்தார். பேக்கப் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடவே ஒரு வருட ஆன்டிவைரஸையும் தலையில் கட்டி 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அந்த எச்சரிக்கையை மச்சான் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பிடித்திருந்தது ஒரே ஒரு ஃபைல், அதுவும் பில்லிங் சாஃப்ட்வேரின் இஎக்ஸ்இ (சாஃப்ட்வேரை இயக்கும் ஃபைல்). பெயர் 'ட்ரோஜன்: வின்32/வாகாடாக்.பி!எம்எல்'. கடைசியில் வரும் அந்த 'எம்எல்'லைக் கவனியுங்கள். ஃபைலின் தன்மைகளைப் பார்த்து மெஷின் லேர்னிங் போட்ட கணிப்பு அது, தப்பாகவும் போகலாம். உள்ளூர் புரோகிராமர் எழுதிய, டிஜிட்டல் கையெழுத்து (யார் தயாரித்தது என்று காட்டும் முத்திரை) இல்லாத சாஃப்ட்வேர்கள் இதில் அடிக்கடி மாட்டும். பெரிய கம்பெனிகளே சறுக்கியிருக்கின்றன: 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த எஸ்விசிஹோஸ்ட் ஃபைலையே வைரஸ் என்று பிடித்து ஏகப்பட்ட கம்ப்யூட்டர்களை முடக்கியது. 2022 செப்டம்பரில் டிஃபெண்டர் குரோமையே சந்தேகப்பட்டது.

அடுத்த கூத்து, கடைக்காரர் போட்டுக்கொடுத்த செட்டிங். மணிக்கொரு தரம் எல்லா டிரைவுக்கும் ஃபுல் ஸ்கேன், எதைப் பிடித்தாலும் கேட்காமல் டெலிட். பழைய ஹார்டுடிஸ்க் என்பதால் ஒரு பில் வருவதற்குள் வாடிக்கையாளர் பருப்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். புரோகிராமரிடம் வாங்கி மறுபடி போட்ட பில்லிங் ஃபைலும் அடுத்த ஸ்கேனில் காணாமல் போனது.

நான் போய் கடைக்காரர் போட்ட ஆன்டிவைரஸைக் கழற்றிவிட்டு டிஃபெண்டரையே வைத்தேன். ரியல் டைம் பாதுகாப்பு எப்போதும் ஆனில், தினம் ஒரு குவிக் ஸ்கேன், ஃபுல் ஸ்கேன் எப்போதாவது கடை மூடிய பிறகு. சின்னக் கடைக்கு இது போதும். ஏதாவது மாட்டினால் டெலிட் வேண்டாம், குவாரண்டைன் (ஃபைலை ஓடவிடாமல் தனியே பூட்டி வைப்பது). அதிலிருந்து திரும்ப எடுக்கலாம்.

அப்புறம், அந்த இஎக்ஸ்இயை வைரஸ்டோட்டலில் ஏற்றினேன். ஒரு ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களில் ஒரே நேரத்தில் சோதித்துக் காட்டும் இணையதளம் அது. எழுபது சொச்சம் ஆன்டிவைரஸில் இரண்டுதான் சந்தேகப்பட்டன, அதுவும் பொத்தாம்பொதுவான பெயர்களில். முப்பது நாற்பது பிடித்திருந்தால் கதையே வேறு, தொடவே கூடாது. (கணக்கு டேட்டாவை அங்கே ஏற்றாதீர்கள், மற்றவர்கள் கைக்கும் போகலாம்.) நேரடியாக அவரிடமே வாங்கிய ஃபைல்தான் இது என்று புரோகிராமரிடம் உறுதி செய்துகொண்டு, டிஃபெண்டர் சோதிக்காமல் விடும்படி அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் விலக்கு கொடுத்தேன். சிலர் சி டிரைவையே விலக்கில் போடுகிறார்கள். அதற்கு ஆன்டிவைரஸே தேவையில்லை! தவறாகப் பிடித்த ஃபைலை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பவும் வழி உண்டு, அனுப்பியிருக்கிறோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று முடித்துவிட்டார்கள். எனவே சிபியுவைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்: எந்த ஃபைல், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் பிடித்தது என்று எழுதித் தர வேண்டும், டேட்டா நகல் உங்கள் கைக்கு வராமல் ஃபார்மேட் கூடாது. முடியாது என்றால் வேறு கடை பாருங்கள்.